ஆறரை மில்லிமீட்டர்

கண்ணாடி மேசைமேல் நான்கு தோட்டாக்களை
நிற்க வைத்தான் ஒட்வார்,
பள்ளிப் பிள்ளைகளைப்போல உயர வரிசையில்.
ஒன்றைத்தான் என்னால் வாங்க முடியும்.
இரும்புப் பெட்டியில் இடமிருக்கிறது,
சம்பளத்தில் இல்லை.

வியாழன்தோறும் மன்றத்தில் காகிதம் சுடுகிறேன்.
முந்நூறு மீட்டர், படுத்தபடி,
மாலைக்கு நாற்பது ஐம்பது குண்டு.
செப்டம்பர் கடைசியில் மூஸ் வேட்டை.
ஆறு பேர், இரண்டு நாய், ஒரு மலைச்சரிவு,
வருஷத்துக்கு ஒரு குண்டு,
சில வருஷம் அதுவும் இல்லை.
ஒரே கல்லில் இரண்டு மாங்காய் கேட்கிறேன்
பைன் மரம் மட்டுமே நிற்கும் ஊரில்.

நெடியதை விரலால் தட்டினான்.
"முந்நூறு மேக்னம். கரடி வந்தாலும் கவலையில்லை."
பதினேழு வருஷம் ரென்டாலனில் தபால் வண்டி ஓட்டுகிறேன்,
பார்த்த கரடி ஒன்று,
அதுவும் ஓடிக்கொண்டிருந்தது, எதிர்த் திசையில்.

தார்யாயிடம் இருப்பது அதே நெடியதுதான்.
அது கொடுக்கும் உதை தோளுக்கு முன்கூட்டியே தெரியும்,
விரல் இழுப்பதற்குள் கண் மூடிக்கொள்ளும்.
கண்ணுக்கு உரியவனுக்குத்தான் தெரியாது.
போன அக்டோபரில் எண்பது மீட்டர்,
பக்கவாட்டில் அசையாமல் நின்ற காளை மூஸ்.
குண்டு வயிற்றில்.

இரவு பதினொன்றுவரை
நானும் அவன் நாயும் தேடினோம்.
பாசிமேல் அரைத்த புல்லின் பச்சை,
கொஞ்சம் இரத்தம்,
தலைவிளக்கில் இரண்டும் ஒரே நிறம்.
ஓடையோரம் படுத்திருந்தது,
தலையை மட்டும் நிமிர்த்தி.
முடித்தது நான், அவன் துப்பாக்கியால்.
ஒரு வாரம் என் தோள் நீலமாக இருந்தது.

இதையெல்லாம் ஒட்வாரிடம் சொல்லவில்லை.
முப்பது சுழி ஆறைப் பற்றிக் கேட்டேன்.
நம்பலாம் என்றான், நம்பினேன்,
ஆனால் ஐம்பதாவது குண்டில்
முன்பு உடைந்து ஒட்டிய என் காறை எலும்பு பேசத் தொடங்கும்.
முந்நூற்றெட்டு நல்ல பிள்ளை.
எந்தக் கடையிலும் கிடைக்கும், எதற்கும் ஒத்துவரும்,
குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.
கிட்டத்தட்ட எடுத்தேவிட்டேன்.

ஓரத்தில் ஆறரை.
ஒல்லியாக, நீளமாக.
காற்று அதை அதிகம் கண்டுகொள்வதில்லை.
மூஸுக்கு ஒன்பது கிராமாவது வேண்டும் என்கிறது சட்டம்,
இது பத்து.
முந்நூறு மீட்டரில் ஒரு முழத்துக்குச் சற்றுக் குறைவாக இறங்கும்,
எப்போதும் அதே அளவு,
சொன்ன நேரத்துக்கு வரும் பேருந்து மாதிரி.

"பெண்களுக்கு ஏற்றது" என்றான் ஒட்வார்.
"கடைசியாக எப்போது காகிதம் சுட்டாய்?" என்றேன்.
பில் எழுதினான்.

கோடை முழுக்கக் காகிதம்.
காற்றுக் கணக்கை எழுதிக் கட்டையில் ஒட்டினேன்,
மழையில் மை கரைந்தது, மறுபடி எழுதினேன்.
ஆயிரத்து நூற்றுச் சொச்சம் குண்டு,
பிறகு அக்டோபர் மூன்றாம் தேதி
ஒன்று.
முன்னங்காலுக்கு ஒட்டிப் பின்னால்.
நாற்பது அடி நடந்தது,
ஏதோ நினைவு வந்ததுபோல நின்றது, விழுந்தது.

தோலுரிக்கும்போது
தார்யாய் சுண்டுவிரலால் ஓட்டையைத் தொட்டான்.
"இவ்வளவுதானா?"
வியாழக்கிழமைக் காகிதத்திலும்
இதே அளவுதான் என்றேன்.

அடுத்த வியாழன் வந்தான்.
மேக்னத்தோடு, காது மூடியோடு,
யாரையும் பார்க்காமல் பாயில் படுத்தான்.
ஐந்து குண்டும் ஐந்து திசை.
ஒவ்வொரு குண்டாக நானே போட்டுத் தருகிறேன் என்றேன்,
சரி என்றான்.
மூன்றாவது முறை
வெறும் அறையை மூடிக் கொடுத்தேன்.

இழுத்தான்.
ஒரு கிளிக்.
குழலின் முனை மட்டும்
தரையைப் பார்த்துச் சட்டெனக் குனிந்து நிமிர்ந்தது.
நாங்கள் பார்த்தோம்.
இந்த முறை அவனும் பார்த்தான்.

பனி தூறத் தொடங்கியிருந்தது.
என் துப்பாக்கியைப் பாயில் வைத்தேன்,
பக்கத்தில் ஆறரைப் பெட்டி, திறந்தபடி.
தேநீர் ஊற்றப் போனேன்.
முதல் வெடி கேட்க
வெகுநேரம் ஆனது.